எட்டு மணிக் கடிகாரம்

— பூஞ்சையா? ரொட்டி பழசானா பூஞ்சை பிடிக்கும், சிஸ்டர். மனுஷனுக்குப் பிடிக்கறது நம்ம குடும்பத்துலயே கிடையாது.

— உங்க தம்பிக்குப் பிடிச்சிருந்ததே, ஐயா! எங்கே, ஒன்பதாம் கட்டில், வாயைத் திறங்க... ஆஹா! போன வாரம் சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருந்த நாக்கு, இன்னிக்கு செக்கச்செவேல்னு இருக்கு.

— இப்பதான் ரெண்டு முட்டை முழுங்கினேன், சிஸ்டர். தொண்டை எரியவே இல்ல. மூணாவதை அண்ணன் சாப்பிட்டுட்டார்.

— வீணாப் போகக் கூடாதேன்னு சாப்பிட்டேன். இவனுக்கு நெஞ்சு எப்படி இருக்கு, சிஸ்டர்?

— நிமோனியாவும் அடங்கிடுச்சு, ஐயா. ஆக்ஸிஜனை எடுத்து மூணு நாளாச்சு. ஆனா உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லாமதான் ரெண்டும் உள்ள பூந்துச்சு. கதவு இன்னும் திறந்தேதான் கிடக்கு. அதைச் சாத்தற மாத்திரையை இன்னிக்குக் காலை எட்டு மணிக்கு மறுபடி ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். தினமும், ஆயுசுக்கும்.

— அதான் வேண்டாம்னு சொன்னேனே, சிஸ்டர்.

— எய்ட்ஸ்னு அண்ணன்கிட்ட சொல்லவே ரெண்டு வருஷம் நடுங்கினீங்க. நேத்து சொல்லியாச்சு. கட்டிலோட தூக்கி வெளியவா போட்டார்?

— இல்ல. தலகாணியைச் சரி பண்ணிட்டு, "முதல்ல ஷேவ் பண்ணு, நம்ம வீட்டு ஆளு மாதிரி இரு"ன்னார்.

— அப்புறம் என்ன?

— வீட்டுல பத்துப் பேரு, சிஸ்டர். மாத்திரை டப்பாவை எங்கே ஒளிப்பேன்? போன தடவை பயந்துதானே பாதியில விட்டேன். யாராவது பாத்துட்டா அண்ணன் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

— என் தலையை நான் பாத்துக்கறேன்டா. டப்பாவைக் கடிகார அறையில வை.

— அங்கயா? உங்களைத் தவிர ஈ கூட நுழையக் கூடாதே! சிஸ்டர், எங்க தாத்தா கடிகாரம் ஒண்ணு இருக்கு. தினம் காலையில எட்டு மணிக்கு அண்ணன் கதவைப் பூட்டிக்கிட்டு அதுக்குச் சாவி குடுப்பார். அண்ணி ஒரு டம்ளர் தண்ணியை உள்ள குடுத்துட்டு வாசல்ல காவல் நிப்பாங்க.

— கடிகாரத்துக்கு எதுக்குத் தண்ணி?

— துடைக்கறாராம்! ஆனா அது மணி அடிச்சு நான் கேட்டு வருஷக்கணக்காச்சு.

— நீ வாயை மூடு. மணி என்ன, சிஸ்டர்?

— எட்டாக ரெண்டு நிமிஷம். இந்தாங்க ஒன்பதாம் கட்டில், மாத்திரை. இதோ தண்ணி. ஐயா, நீங்களாவது சொல்லுங்களேன்... அதென்ன சட்டைப் பையிலேர்ந்து எடுக்கறீங்க?

— இன்னொரு டம்ளர் தண்ணி கொண்டு வாங்க, சிஸ்டர். டேய், அந்தக் கடிகாரம் நின்னு ஒன்பது வருஷமாச்சு. எனக்கும் இதே மாத்திரைதான். முழுங்கு, நேரம் தவறுறது நம்ம குடும்பத்துலயே கிடையாது.