கோழிக்கூண்டுப் பிளக்கு

அநியாயம் நடந்தது எனக்கு மாமி, அத மொதல்ல சரியாப் பேசிருவோம். நல்லா ஓடிக்கிட்டிருந்த பிளக்க, ஓடல ஓடலன்னு சொல்லி என்னயவே நம்ப வச்சாக. உங்ககிட்ட என்னன்னு சொல்லி அனுப்புனாக? ஷர்மினு ஒரு பிளக்குக்காக வாயாடிட்டு பேக்கத் தூக்கிக்கிட்டு தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா, போயி கூட்டிட்டு வான்னா? சரிதான். உக்காருங்க. கோயமுத்தூர் பஸ்ஸு எடுக்க இன்னும் நேரமிருக்கு.

உங்க அண்ணன் போட்ட பந்தயம்தான மாமி இது. கோயமுத்தூர்ல எம்.இ. சீட்டு கெடச்சிருக்குன்னு பெத்த அத்தாகிட்ட போயி நின்னதும், இம்புட்டு நாளு படிச்சியே, இந்த வீட்டுக்கு என்னத்தச் செஞ்சன்னு கேட்டாக. மாடியில நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விட்டிருக்காகள்ல, ஆடிக்காத்து அங்கன என்னா அடி அடிக்குது. அந்தக் கூண்டு லைட்டு குளுந்தா தானா எரியணும், சூடு ஏறுனா தானா அணையணும். றெக்க மொளைக்கிறதுக்குள்ள, இனி இதத் திரும்பிப் பாக்க வேணாம்னு நான் சொல்ற மாதிரி ஓட்டிக் காட்டு, அப்புறம் எங்க வேணா போ. இது அவுக வாயில வந்தது. அம்மாவும் நின்னு கேட்டுச்சு.

கடையில விக்கிற ஸ்மார்ட் பிளக்குதான். ஆனா கம்பெனிக்காரன் உள்ள போட்டு வச்சிருக்கிற புரோகிராம் நெட்டு போனா செத்துப்போகும். உத்தமபாளையத்துல நெட்டு என்னைக்கு நிலையா இருந்துச்சு? அதனால பிளக்கப் பிரிச்சு, ஒயர ஈயத்தால பத்த வச்சு, அவன் போட்டத அழிச்சுட்டு வேற ஃபர்ம்வேர் ஏத்துனேன். ஃபர்ம்வேர்னா பிளக்கோட மூளைன்னு வச்சுக்கங்களேன். சூடு பாக்குற சென்சாரும் சேத்தேன். மொத ரெண்டு நாளு கச்சிதமா ஓடுச்சு.

அப்புறம் பாத்தா, டியூசன் எடுத்துட்டு வாறேன், லைட்டு அணைஞ்சு கெடக்கு. கூண்டு மேல கோணி மூடியிருக்கு. நல்லவேள நான் வந்து பாத்து மூடுனேன், இல்லாட்டி அம்புட்டும் வெறச்சிருக்கும்ங்குறாக அத்தா. கரண்டு போயி வந்ததுல கொழம்பிருச்சோன்னு, கரண்டு வந்ததும் தானாக் கெளம்புற மாதிரி மாத்துனேன். மறுபடி அணைஞ்சு போச்சு. வைஃபையே வேணாம்னு தனியா ஓட விட்டேன். மறுபடியும். உள்ள டக்கு டக்குன்னு அடிக்கும்ல ரிலே, அதயும் புதுசா மாத்துனேன். ம்ஹூம். கூடப் படிச்ச ஜெபஷீலா, அதே புரோகிராம எங்க வீட்டுல ஓட்டிப் பாத்துட்டேன்டி, ஒரு கோளாறும் இல்லங்குறா. அவ மேலயே எரிஞ்சு விழுந்தேன். எனக்கு ஒண்ணும் வராது போலயேன்னு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன் மாமி. வெளிய அத்தா, இந்த லட்சணத்துல கோயமுத்தூரான்னு அம்மாகிட்ட சிரிக்கிறாக.

கடைசியா மிஞ்சுனது பிளக்கு மேல இருக்கிற பட்டன். தூசி அடைச்சு அதுவா அமுங்குதோன்னு, அமுக்குனாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி புரோகிராம மாத்தி எழுதிட்டேன். ஒளிச்சு வைக்கணும்னு இல்ல, வீட்டுல சொல்லணும்னு தோணல, அம்புட்டுதான்.

நேத்து சாயங்காலம் மாடி ஏறுறேன். கோணி மூடியிருக்கு. அத்தா பக்கத்துல நின்னுக்கிட்டு, இன்னைக்கும் அணைஞ்சு போச்சு, வந்து பாரு உன் இஞ்சினியரிங்கங்குறாக. கோணியத் தூக்குனேன்.

உள்ள லைட்டு எரியுது மாமி.

ஆமா. எரியிற கூண்ட எதுக்கு மூடுவாக? பட்டன அமுக்கியாச்சு, அணைஞ்சிருக்கும்னு நம்பி மூடிருக்காக. தெனம் அதத்தான் செஞ்சிருக்காக. கோழிக்குஞ்சு வெறைக்குமேன்னு கோணி போட்டாகள்ல, எனக்கு என்ன போட்டாக?

பெத்தவுகன்னு சொல்லாதீங்க. பெத்தவுகங்குறதுனாலதான் பிளக்க, ஒயர, கரண்ட, என் மூளைய, அம்புட்டையும் சந்தேகப்பட்டேன், அவுகள மட்டும் படல. பாசமா? இருக்கட்டும். பாசம்னா போகாதன்னு மொகத்தப் பாத்துச் சொல்லணும். நான் எதுத்துப் பேசியிருப்பேன், சண்ட போட்டிருப்பேன், அது நேரான சண்ட. இது என்ன? என் கையாலயே என்னயத் தோக்க வைக்கிறதா?

கத்துனேன்னா சொன்னாக? இல்லவே இல்ல. அவுக கையில கோணியக் குடுத்துட்டு, ஏன்த்தா இப்பிடிச் செஞ்சீகன்னு மட்டும் கேட்டேன்.

அந்தா, கோயமுத்தூர் பஸ்ஸு வந்துருச்சு, அந்தப் பேக்க எடுங்க மாமி. என்ன சொன்னாகளா? கோணிய மடிச்சுக்கிட்டே சொன்னாக, தானாக் கெட்டுப்போகும்னுதாம்மா மொதல்ல காத்துக்கிட்டு இருந்தேன், கெடலயேன்னு.