பேய்க்கதைக்குக் கீழே ஒரு சுட்டி

கையில் மணியும் கண்ணில் கனிவுமாக அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எங்கள் பிழைகளைத் திருத்தியே சிவப்பு மையைத் தீர்த்துவிட்ட ஆசிரியப் பெருமக்களே, அரைநாள் விடுப்பு எடுத்து ஓடிவந்திருக்கும் தந்தையரே, வீட்டைப் பூட்டினோமா என்ற கவலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கும் தாய்மார்களே, தோழியரே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழிக்குக் கடல் தலைப்பாகக் கிடைத்தது. அவளுக்கு முன்னால் பேசியவளுக்கு வீரம் கிடைத்தது. எனக்கு வந்த சீட்டில் என்ன இருந்தது தெரியுமா? ‘வலைப்பூவில் பின்னூட்டத்துக்குப் பதில் எழுதும்போது பயனுள்ள சுட்டிகளைச் சேர்த்தல்.’ பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள், தோழியரே. தடுக்கமாட்டேன். இன்னும் சற்று நேரத்தில் உங்களால் சிரிக்க முடியாது.

வலைப்பூ என்பது ஒருவர் இணையத்தில் எழுதிவைக்கும் சொந்தப் பக்கம். படித்தவர்கள் அதன் அடியில் எழுதுவது பின்னூட்டம். விரல் வைத்தவுடன் நம்மை வேறொரு பக்கத்துக்கு அழைத்துப் போவது சுட்டி. விரல் வைப்பது எளிது. எங்கே போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் அம்மாவின் தங்கை, என் சித்தி, பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பகலில் பயணச்சீட்டு, ஓய்வில் பேய். ஆம், அவர் எழுதுவது பேய்க்கதை வலைப்பூ. ஆவி, அலறல், ஆளில்லாத மாடிப்படி என்று எழுதி ஆயிரக்கணக்கானவர்களை அச்சுறுத்தும் அந்தச் சித்தி, கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்வார். மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

வாசகர்கள் தங்கள் வீட்டு விசித்திரங்களைப் பின்னூட்டமாக எழுதுவார்கள். சித்தி மதிய உணவை ஒரு கையில் உண்டபடி மறு கையால் பதில் எழுதுவார். ஒரு பாராட்டு, ஒரு நடுக்கம், கடைசியில் தம்முடைய பழைய கதை ஒன்றுக்குச் சுட்டி. எந்தக் கேள்விக்கும் அதே முறை. சுட்டி கொடுத்தால் வாசகர் தங்குவார், தங்கினால் பக்கம் வளரும் என்பது அவர் கணக்கு.

அப்படி ஒருநாள், ‘நாலாம் மாடி’ என்ற புனைபெயரில் ஒரு தாய் எழுதினார். புதிதாகக் குடிவந்த வீடு. குளிர்காலம். காலையில் எழுந்தால் எல்லோருக்கும் தலை கனக்கிறது. கடைக்குப் போனால் கனம் இறங்குகிறது, வீட்டுக்குள் கால் வைத்தால் மறுபடி ஏறிக்கொள்கிறது. குளியலறைப் பக்கமிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்பதாகச் சின்ன மகள் சொல்கிறாள். அந்த ஆளுக்கு முகம் இல்லையா என்று கேட்டால், ‘இருக்கு, ஆனா அது தூங்குது’ என்கிறாள். கூண்டில் வளர்த்த இரண்டு குருவிகளும் ஒரே காலையில் செத்துக் கிடந்தன. உடம்பில் காயம் ஏதுமில்லை. கூண்டின் கதவும் திறந்திருக்கவில்லை.

அவையோரே, இதைப் படித்த என் சித்தி என்ன செய்தார்? ‘படிக்கும்போதே கை நடுங்குகிறது’ என்று மகிழ்ச்சியோடு பதில் எழுதினார். கீழே ஒரு சுட்டி கொடுத்தார். அது அவருடைய பழைய கதை. சன்னல் வழியே வரும் ஆவியைத் தடுக்க, ஒரு குடும்பம் வீட்டின் இடுக்கையெல்லாம் அடைத்து உயிர் தப்பும் கதை.

சில நாட்களுக்குப் பிறகு, பள்ளி விட்டு வந்து, கையில் பிஸ்கட்டோடு அம்மாவின் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படித்தேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ மிதிவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாய் சற்று முன்தான் மீண்டும் எழுதியிருந்தார். அவர் எழுத்தை அப்படியே சொல்கிறேன்.

“அக்கா, நீங்க குடுத்த கதைய படிச்சேன். சன்னல் இடுக்கு எல்லாம் டேப் போட்டு ஒட்டிட்டேன். குளியலறை மேல இருந்த சின்ன ஓட்டையையும் துணிய வெச்சு அடைச்சாச்சு. ஆனா அது இன்னும் கோவமாயிடுச்சு போல. இன்னிக்கு பாப்பா வாந்தி எடுத்தா. எழுப்பினா எழுந்துக்க மாட்டேங்கறா. அடுத்து என்ன பண்ணணும்?”

அதற்குக் கீழே, ‘பயந்தாங்கொள்ளி’ என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: “செம திகில். மிச்சத்த சீக்கிரம் சொல்லுங்க.”

தாய்மார்களே, ஒரு பெண் தன் பிள்ளை கண் திறக்கவில்லை என்று கேட்கிறாள். சுற்றியிருந்தவர்கள் அதைக் கதை என்று ரசிக்கிறார்கள். இதைவிட எந்த ஆவி நம்மை அச்சுறுத்த முடியும்?

என்னை உலுக்கியது அலமாரிப் பக்கம் நின்ற அந்த ஆள் அல்ல, செத்துப்போன அந்தக் குருவிகள். நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் படித்திருந்தேன். முற்காலத்தில் தொழிலாளர்கள் கூண்டுக்குருவியோடு சுரங்கத்துக்குள் இறங்குவார்களாம். நிறமில்லாத, மணமில்லாத நச்சுக்காற்று வந்தால் முதலில் குருவி விழும். குருவி விழுந்தால் மனிதர்கள் வெளியே ஓடவேண்டும். வீட்டுக்குள் ஏது சுரங்கம்? தேடினேன். தீயணைப்புத் துறை ஒன்றின் பக்கம் கிடைத்தது. மூடிய குளியலறையில், எரிவாயுவால் வெந்நீர் போடும் கேஸ் கீசர் சரியாக எரியாவிட்டால் அதே நச்சுக்காற்று, கார்பன் மோனாக்சைடு, பரவும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தாய் துணி வைத்து அடைத்த குளியலறை ஓட்டை நினைவுக்கு வந்தது. தலைப்பாரம், வாந்தி, மயக்கம், இல்லாத குரல், இல்லாத உருவம் என்று அறிகுறிகள் ஒவ்வொன்றாக வந்தன. படிக்கப் படிக்க, முகம் தூங்கும் அந்த ஆள் என் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க அஞ்சினேன். திரும்பிப் பார்க்க நேரமும் இல்லை.

‘இதைப் படியுங்கள்’ என்று எழுதிச் சுட்டியை ஒட்டி அனுப்பினேன். திரை சொன்னது: ‘உங்கள் பின்னூட்டம் உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.’

விளம்பரக்காரர்கள் தொல்லை தாங்காமல், சுட்டி உள்ள பின்னூட்டம் எதுவானாலும் தம் ஒப்புதல் இல்லாமல் வெளிவராதபடி சித்தி பூட்டி வைத்திருந்தார். பேயை உள்ளே விட்ட வாசல், உண்மையை வெளியே நிறுத்தியது. சித்தியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

“என்னடி, வேலை நேரத்துல? பேய் பார்த்தியா?” என்றார் சித்தி.

“நாலாம் மாடி வீட்ல இருக்கிறது பேய் இல்ல சித்தி. காத்து. கீசர்ல இருந்து வர்ற விஷக்காத்து. நீ குடுத்த கதைய நம்பி சன்னல அடைச்சுட்டாங்க. பாப்பா எழுந்துக்கலயாம்.”

 சித்தி, “பாப்பா எழுந்துக்கலனு எழுதியிருக்காங்களா?” என்று மெல்லக் கேட்டார். இணைப்பைத் துண்டித்தார்.

அவர் கணினியைத் திறப்பதற்குள் சுட்டியே இல்லாமல் இன்னொன்று எழுதினேன். “ஆன்ட்டி, இது கதை இல்ல. கீசர அணைங்க. பாப்பாவ தூக்கிட்டு எல்லாரும் உடனே வெளிய போங்க. போற வழியில சன்னல், கதவு திறந்து விடுங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.” அது உடனே வெளிவந்தது. சற்று நேரத்தில் அதன் கீழே சித்தியின் பதில் வந்தது. தம் பழைய சுட்டியை நீக்கிவிட்டு எழுதியிருந்தார்: “என் கதையை நம்பாதீங்க. இந்தச் சுட்டி தீயணைப்புத் துறையோடது, கீசர் விஷக்காத்து பத்தினது. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

பிறகு காத்திருந்தோம். பக்கத்தைப் புதுப்பித்தேன். பதில் இல்லை. மீண்டும் புதுப்பித்தேன். பதில் இல்லை. அந்த மாலை முழுவதும், எங்கோ இருக்கும் ஒரு வீட்டின் மூடிய சன்னலை நான் வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றியது.

மறுநாள் மதியம் பதில் வந்தது.

“ஆஸ்பத்திரில இருக்கோம். பாப்பா கண் முழிச்சு பொம்மை கேட்டா. எனக்கு கண்ணு மங்கி சுட்டிய திறக்கவே முடியல அக்கா, அந்த நாலு வரிதான் தெரிஞ்சுது. டாக்டர்தான் சுட்டிய திறந்து பார்த்தார். கீழ் வீட்லயும் அதே கீசர்தான். அவங்களுக்கும் அனுப்பிட்டேன். அங்க ஒரு தாத்தா தலைவலியோட படுத்திருந்தாராம்.”

கேட்டீர்களா, சான்றோரே? வரி உயிரை வாசல்வரை கொண்டுவந்தது. சுட்டி அடுத்த வாசலைத் தட்டியது. வரியில்லாத சுட்டி வாய் பேசாதது. சுட்டியில்லாத வரிக்குச் சாட்சி இல்லை. இரண்டும் சேர்ந்தால்தானே அது பதில்? கேட்டவரைப் படிக்காமல், தன் பக்கத்தை மட்டும் வளர்க்கக் கொடுக்கும் சுட்டி யாருக்குப் பயன்? கைதட்டலுக்கு நன்றி. ஆனால் கொஞ்சம் பொறுங்கள், நான் முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சித்தி கதை எழுதவில்லை. பழைய பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கத் தொடங்கினார். யார் யாருக்குத் தலை கனத்தது, யார் யாருக்கு இல்லாத குரல் கேட்டது என்று தேடினார். பல வீடுகளுக்குப் புதிய பதிலும் சரியான சுட்டியும் போயின. சிலர் நன்றி சொன்னார்கள். சிலர், ‘எங்கள் வீட்டில் கீசரே இல்லை, அது நிஜப் பேய்தான்’ என்று கோபித்துக்கொண்டார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் பதில் எழுதவில்லை. ‘ஒற்றை அறை’ என்பது அவர் புனைபெயர். சில குளிர்காலங்களுக்கு முன் எழுதியிருக்கிறார். தலை வெடிக்கிறது, கால்மாட்டில் யாரோ உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள் என்று. சித்தி அப்போதும் பாராட்டினார். அப்போதும் அதே கதைக்குச் சுட்டி கொடுத்தார். அதன் கீழே அவருடைய கடைசி வரி இருக்கிறது: “படிச்சேன் மேடம், சூப்பர். எல்லாத்தையும் அடைச்சுட்டு படுக்கப் போறேன்.”

அவர் பேய்க்கதையில் சலித்துப் போயிருக்கலாம். புனைபெயரை மாற்றியிருக்கலாம். கைப்பேசியைத் தொலைத்திருக்கலாம். இப்படி எத்தனையோ ‘லாம்’களைச் சித்திக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சித்தி தினமும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். சரியான சுட்டி அங்கே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

ஆகவே, அன்பு அவையோரே, உங்கள் எழுத்துக்கு அடியில் ஒருவர் வந்து ஒரு வரி எழுதினால், அதை முதலில் முழுதாகப் படியுங்கள். கொடுக்கப்போகும் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். அது என்ன, எதற்கு என்று ஒரு வரி சொல்லுங்கள். பிறகு கொடுங்கள். அன்றே கொடுங்கள். அவர் இருக்கும்போதே கொடுங்கள்.

மணியைக் கையில் எடுத்தும் அடிக்காமல் என்னைப் பேசவிட்ட தலைமையாசிரியர் அம்மாவுக்கும், சிரிப்பில் தொடங்கி அமைதியில் வந்து நிற்கும் என் தோழியருக்கும், மூன்றாம் வரிசையில் கைகளை முகத்திலிருந்து எடுத்துவிட்ட என் சித்திக்கும் நன்றி கூறி, உங்கள் அனைவரையும் வணங்கி விடைபெறுகிறேன்.