பேட்டரிக்கு வைத்த பொட்டு

கீழே விழுந்த போனைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதனால்தான் செங்கம் சாலையில் சர்வீஸ் கடை வைத்தேன். பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் வந்து பாருங்கள். மலையையும் தன்னையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்த்துக் கைநழுவ விட்டவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்கள், தியானம் முடிந்த நிம்மதியில் டேப்லெட் மேலேயே உட்கார்ந்துவிட்டு வருவார்கள். எல்லாரையும் அன்பாகத்தான் அனுப்பிவைப்பேன். ஒரே ஒரு ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் தளர்வாக விடுவேன். வந்தவர் மறுபடி வந்தால்தானே பழக்கம் நிலைக்கும்?

பிரசாத் அடி அண்ணாமலைக்காரன். பெங்களூரில் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், அதை உதறிவிட்டு அம்மா ரேணுகாம்பாளோடு வந்து உட்கார்ந்துகொண்டான். ஒருநாள் கடைக்கு வந்தான்.

"அண்ணா, உங்ககிட்ட என்னென்ன ரிப்பேர் வருதுனு சொல்லுங்க. அதுல ஒண்ணுகூட வராத மாதிரி ஒரு டேப்லெட் செய்யப் போறேன்."

பல் வைத்தியரிடம் போய், ஊரில் யாருக்குமே பல் வலிக்காமலிருக்க வழி கேட்டால் அவர் என்ன செய்வார்? நான் சொன்னேன். தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எனக்கில்லை. கண்ணாடி விரிசல் விடுவது, பேட்டரி உப்புவது, சார்ஜ் ஓட்டை ஆட்டம் காண்பது, அப்டேட் போட்டதும் நத்தையாகிவிடுவது என்று பொறுமையாக விளக்கினேன். அவன் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தான்.

முடித்ததும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினான். மாடியிலிருந்து போட்டான், கீறல் இல்லை. பக்கெட் தண்ணீரில் முக்கினான், உள்ளேயே பாட்டுப் பாடியது. பின்மூடியை நகத்தால் நெம்பினால் திறந்துகொண்டது. டார்ச் லைட்டுக்குப் போடுவதுபோல் யார் வேண்டுமானாலும் பேட்டரி மாற்றலாம்.

"ஸ்க்ரூவே கிடையாதுண்ணா" என்றான் பெருமையாக. "பத்து வருஷம் உழைக்கும். இது மட்டும் வந்துச்சுன்னா, வருஷத்துக்கு ஒரு மாடல் விக்கிற பெரிய கம்பெனிங்க கதை முடிஞ்சிது. பணம் போடுறவங்க வெள்ளிக்கிழமை பாக்க வராங்க. சரினு சொல்லிட்டாங்கன்னா நம்ம ஊர்லயே ஃபேக்டரி."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்காக அல்ல. அந்தப் பெரிய கம்பெனிகளில் எத்தனை லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். புது மாடலுக்காக விடியற்காலையிலேயே கடை வாசலில் நிற்கிறார்களே, அவர்கள் இனிப் பொழுதை எப்படிப் போக்குவார்கள்? நான் வேலூரைத் தாண்டியதில்லை. ஆனாலும் அமெரிக்காவில் யாரோ ஒருவன் வேலை போய் வீட்டுக்கு நடந்து போவது என் கண்ணில் நின்றது. என் கடையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தாலும் கடைசியாகத்தான் நினைத்திருப்பேன்.

எல்லாக் கோளாறையும் பிரசாத்திடம் சொன்னேன் என்றேன் அல்லவா, ஒன்றைச் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. சார்ஜ் ஓட்டை நிறையச் சந்தனம், ஸ்பீக்கரில் விபூதி, கேமரா கண்ணில் குங்குமம். எந்தக் கம்பெனியும் இதைச் சோதித்துப் பார்த்து விற்பதில்லை. வெகுநாள் பெங்களூரில் இருந்ததால் அவனுக்கும் இது மறந்திருந்தது. மூடி இருக்கும்வரை அவன் டேப்லெட் எதற்கும் அஞ்சாது. திறந்துவிட்டால் பச்சைக் குழந்தை. அப்போது வேலை செய்யும் நிலையில் இருந்ததும் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் விருந்தாளிகளை அழைத்துவரப் போயிருந்தான். டேப்லெட் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. நான் வாழைப்பழமும் வெற்றிலையுமாக அவன் அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன்.

"ஏம்மா, ஒரு ஸ்கூட்டர் வாங்கினாலே எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துறோம். இவ்ளோ பெரிய பொருளுக்கு ஒரு பூஜை வேணாமா?"

"அவன கேக்காம எப்படிப்பா? ஏதாவது ஆயிடப் போவுது."

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதுனு அவனே சொல்லியிருக்கானே."

இதில் பொய் எதுவும் இல்லை. நான்தான் நகத்தால் மூடியை நெம்பித் திறந்தேன். "மூடிக்குப் பொட்டு வெச்சு என்ன பிரயோஜனம்? உயிர் உள்ள இருக்குது பாருங்க" என்றேன்.

ரேணுகாம்பாள் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு, பேட்டரிக்குச் சந்தனம் வைத்தார், அதன்மேல் குங்குமம் வைத்தார், மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னும் கொஞ்சம்மா" என்று மட்டும் சொன்னேன். பிறகு பத்திரமாக மூடி வைத்தேன்.

ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கூட்டம். அனுபவசாலி என்று பிரசாத் என்னையும் உட்கார வைத்திருந்தான். டேப்லெட்டைத் தரையில் வீசினான், எல்லாரும் கை தட்டினார்கள். பட்டனை அமுக்கினான். திரை ஒரு கணம் மின்னி, இருண்டது. பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை வந்தது. வந்தவர்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சி, "சந்தன வாசனைகூட வருதே, இதுவும் உங்க ஐடியாவா?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

பிரசாத் மூடியைத் திறந்தான். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகச் சேறு. அவன் மூடியைத் திரும்பப் பொருத்தினான். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, மலையைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இன்னொன்று செய்ய அவனுக்குத் தெம்பில்லை. பெங்களூருக்கே திரும்பிப் போய், வருஷத்துக்கு ஒரு மாடல் விடும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். உலகத் தொழில் பிழைத்தது. அங்கிருந்து யாரும் எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. செய்ததை மறைக்கவும் மாட்டேன். பூஜை யோசனை என்னுடையது, திறந்த கை என்னுடையது, ஈரம் தெரிந்தே மூடியதும் நான்தான்.

போன வாரம் ரேணுகாம்பாள் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"நீ நல்லதுக்குதாம்பா சொன்ன. நான்தான் மஞ்சத் தண்ணிய ஜாஸ்தியா தெளிச்சிட்டேன். எம் புள்ள பொழப்ப எங்கையாலயே கெடுத்துட்டேன். போன் போட்டாகூட எடுக்க மாட்டேன்றான்" என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அப்பேர்ப்பட்ட பொருளை நாசமாக்கியவர் என்றாலும், பெற்ற தாய் அல்லவா? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அந்த அம்மாவை மனதார மன்னித்துவிட்டேன்.