நீலப்பட்டை

— கொடியைச் சுருட்டிக்க லுபோர். ஊர்த்தலைவரே வீடு தேடி வந்தாலும் இதுக்கு நான் ஞானத்தாய் ஆக மாட்டேன்.

— ஹெட்விகா அத்தை, நாளைக்குப் பாதிரியார் ஆசீர்வதிக்கப் போறார். ஞானத்தாய் ரிப்பன் கட்டாம எந்த ஊர்ல கொடி ஏறியிருக்கு?

— பேக்கரிக்காரி கட்டட்டும். புதுத் தொப்பி போட்டுக்க ஒரு காரணம் கிடைச்சா அவளுக்குப் போதும்.

— யாவோர்கா ஆள்தான் கட்டணும்னு கவுன்சில்ல எல்லாரும் கை தூக்கிட்டாங்க.

— யாவோர்கா எங்கடா இருக்கு? அணை கட்டி முழுகடிச்சாச்சு. அதுக்கு மேல நிக்கிற தண்ணியைத்தான் நீ கொடிக்கு அடியில நீலமா வச்சிருக்க. எங்க வீட்டுக் கூரையை மூடின நீலம். அதுக்கு நான் கை தட்டணுமா?

— கொடிக்கு அனுமதி தர்ற பிராக் ஆபீஸ்ல 'ஊருக்கு அடையாளம் எது'ன்னு கேட்டாங்க. ஏரின்னு சொன்னோம். மேல மஞ்சள்ல இருக்கிறது உங்க பேரிக்காய்தானே?

— எங்களுதுதான். வண்டியில இடம் பத்தலைன்னு பீரோவை விட்டுட்டுப் பேரி மரக்கன்னுங்களை ஏத்திட்டு வந்தவங்க நாங்க. இன்னிக்கு இந்த ஊர்ல அந்தப் பேரிக்காய் வத்தல் இல்லாம கிறிஸ்துமஸ் ரொட்டி சுடுற வீடு ஒண்ணு காட்டு.

— எங்க வீட்லயும் அதுதான் அத்தை.

— அதைப் போய்க் காம்பு கீழ, வயிறு மேலன்னு தலைகீழா நிறுத்தியிருக்கான்.

— வரைஞ்சவர் பெரிய படிப்பு படிச்சவர். பழைய கேடயச் சின்னங்கள்ல பழம் காம்பை ஊனித்தான் நிக்குமாம், அதான் முறையாம். பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கிறான், உங்க ஊர்ல மரமெல்லாம் வானத்துலயா முளைக்குதுன்னு.

— அப்படியா கேட்டான்?

— வண்டியை நிறுத்திக் கேட்டான்.

— அந்த ரிப்பனை இப்படிக் கொடு.

— கட்டுறீங்களா?

— ஞானத்தாய் கட்டுற முனைதானே கொடிக்கு உச்சி?

— காலங்காலமா அப்படித்தான்.

— நாளைக்கு ஊரே பார்க்கக் கட்டினப்புறம் அவிழ்க்க மாட்டியே?

— அந்த முடிச்சுல யார் கை வைப்பா? ஐயோ அத்தை, நீங்க பிடிச்சிருக்கிறது கொடியோட அடி, நீலப் பக்கம்.

— தெரியும்.

— பிராக்ல கேட்டா என்ன சொல்ல?

— வந்து பார்க்கச் சொல்லு. பேரிக்காய் இப்பத்தான் மரத்துல தொங்குற மாதிரி தொங்குது. அதுக்கு மேல இருக்கிறது தண்ணி இல்லடா, யாவோர்காவோட வானம்.