ஆப்பரேசன் மேசையில் மீன் ஆணம்

பெரியபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு நிறைமாதக்காரி. பக்கத்தில் மடியில் பையுடன் அவளுடைய அக்கா.

“நாளைக்கு வயித்தக் கீறிப் புள்ளைய எடுக்கையில நான் மீன் ஆணம் வைக்கப் போறேன் ராத்தா” என்றாள் நிறைமாதக்காரி.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“என்னடி ஒளர்ற?”

“முதுகுல ஊசி போட்டா வலிதான் தெரியாது. முழிச்சுக்கிட்டுத்தான கெடக்கணும். மூத்தவன எடுக்கையில மேல இருந்த லைட்டையே பாத்து நடுங்கிப் போனேன். இந்தத் தடவ கண்ண மூடி, மனசுக்குள்ள அடுப்பப் பத்த வச்சிருவேன். புளி கரைக்கணும், தேங்கா அரைக்கணும், வேலை கெடக்குல்ல.”

“மீன யாரு அறுப்பா?”

“கடையிலயே அறுத்து வாங்கிருவேன். நாளைக்கு நான் கத்தியத் தொட மாட்டேன்.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

“புளி கரைக்கையிலயே புள்ளைய எடுத்துட்டாங்கன்னா?”

“மொகத்தப் பாத்துட்டுத் திரும்ப அடுப்புக்குப் போயிருவேன். தைக்கத்தான் ரொம்ப நேரமாகும். ஆணம் கொதிக்கச் சரியா இருக்கும்.”

பல் பிடுங்குவதென்றாலே முந்தின இரவு தூங்காத நான், அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அக்கா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையின் கையைப் பிடித்தாள்.

“சரி, நீ உள்ள ஆணத்த வையி. நான் வெளியில ஒக்காந்து சோத்த வடிச்சு வைக்கிறேன்.”