பதினோரு மணி மாத்திரை

— என்ன டவாலி அண்ணே, தீர்ப்பு நாலு பக்கம் டைப் அடிச்சாச்சு, இன்னும் தண்டனையே வரலையே? நம்ம ஜட்ஜ் மாத்திரையைப் பத்தியே எழுதித் தள்ளியிருக்காரு!

— சும்மா சொல்லக்கூடாதும்மா, மனுஷன்னா அவருதான் மனுஷன். நீ பழைய டைப்பிஸ்டுக்குப் பதிலா இன்னிக்குத்தானே வந்திருக்கே. விசாரணையைப் பார்த்திருக்கணும்!

— குடோன்ல மூட்டை தூக்குற வண்டி ஓட்டினவரு. நடுக்குவாதம் இருக்கிறதை மறைச்சு வேலை பார்த்திருக்காரு. வண்டி ஏறி, கூட வேலை செஞ்சவருக்கு ஒரு கால் போச்சு. ஜெயில்தானே?

— எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். ஆளு கூண்டுல கல்லு மாதிரி நிக்கறாரு, விரல்கூட ஆடல. "நல்லாத்தானே இருக்காரு, எதுக்கு இரக்கம்?"னு அரசு வக்கீல் ஒரே பிடி. ஜட்ஜ் என்னடான்னா கடைசி பெஞ்சையே பார்த்துட்டு இருக்காரு.

— அங்க என்ன?

— ஒரு அம்மா. மணி பதினொண்ணு ஆனா எழுந்து வந்து கூண்டுக்குள்ள ஒரு மாத்திரையை நீட்டும். ரெண்டு மணிக்கு மறுபடி. ஒரு சிரிப்பு இல்ல, ஒரு பேச்சு இல்ல. நான் அதட்டப் போனேன், ஜட்ஜ் "விடு"ன்னு கை காட்டிட்டாரு.

— ஓஹோ, அதனாலதான் நடுக்கம் தெரியலையா!

— அதேதான்! நாங்க இத்தனை பேரு இருந்தோம், ஜட்ஜ் கண்ணுக்குத்தான் பட்டுச்சு. ஜெயிலரைக் கூப்பிட்டு, "உங்க கிட்ட மாத்திரை எத்தனை வேளை?"ன்னாரு. "காலையில, ராத்திரி, ரெண்டு வேளைங்க ஐயா." "மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு போடலைன்னா இவரால எச்சில்கூட முழுங்க முடியாதே, அப்ப என்ன செய்வீங்க?"

— அடேங்கப்பா! விட்டுட்டாரா அப்ப?

— எங்க விட்டாரு? குத்தம் குத்தம்தான்னு சொல்லிட்டாரு. ரெண்டு வருஷம் வீட்டுக்காவல், வாசப்படி தாண்டக்கூடாது. லைசென்ஸ் ஆயுசுக்கும் கிடையாது. மாத்திரைக்கு யாரு பொறுப்புன்னு கேட்டாரு. அந்தம்மா எழுந்து நின்னுச்சு.

— எனக்குக் கண்ணு கலங்குதுண்ணே. இங்க 'பொறுப்பாளர், உறவுமுறை'ன்னு கோடு இழுத்து விட்டிருக்காரு. அக்காவா, சம்சாரமா?

— ரெண்டும் இல்லம்மா. "அன்னிக்கு லோடு அவசரத்துல இவருக்கு ஒரு மாத்திரை தவறிப்போச்சு, அதுலதான் இவ்வளவும். இனிமே ஒண்ணுகூடத் தவற விடமாட்டேன்"னு சொல்லிச்சு.

— சரிண்ணே, உறவுன்னு என்ன அடிக்கட்டும்?

— கால் போனவரோட சம்சாரம்னு அடிம்மா.