ஒஸ்வால்ட் மாஸ்டரின் நாற்பது விநாடிகள்

உப்புக்காற்று சின்தசைசருக்கு ஆகாது, ஷெரோமி அக்கா. வெள்ளவத்தையில் கடற்பக்கமாக ஸ்டூடியோ வைத்திருப்பவன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டும். நான் பொறுமையான ஆள் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் அப்பாவை, அவரிடம் படித்த எனக்கும் அவர் அப்பா மாதிரித்தான், நாங்கள் அடக்கம் செய்தது இந்த ஓகஸ்டில். ஆனால் ‘அமரர் ஒஸ்வால்ட் மாஸ்டரின் நினைவாக’ என்று டீவியில் போன வருடம் ஜூனிலேயே போட்டிருக்கிறார்களே, அது எப்படி என்று ரொறன்ரோவிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

‘ஏழாம் இலக்க வீடு’ நாடகத்தைப் புதிதாக எடுக்கிறோம், பழைய தொடக்க இசையைச் சின்தசைசரில் செய்து தாருங்கள் என்று தயாரிப்பாளர் மிதுனா என்னிடம் கேட்டார். எண்பதுகளில் அப்பா இரண்டு வயலினும் ஒரு கிளாரினெட்டும் வைத்து அமைத்த நாற்பது விநாடி. இரண்டு மாதம் வேலை செய்தேன். வயலின்களை எடுத்தேன். கீழே கனமான பேஸ், மேலே கண்ணாடியில் தட்டுவதுபோல ஒரு மணிச்சத்தம், நடுவே ட்ரம் மெஷின். நான் செய்ததிலேயே நல்ல வேலை அது.

அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போனேன். பால் விடாத பிளேன்டியும் கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் தந்தார். என் போனைக் காதோடு வைத்து மூன்று தரம் கேட்டார்.

“நல்லாத்தான் செய்திருக்கிறீர் மகன். ஆனா நடுவில கிளாரினெட்காரன் மூச்சு எடுக்கிற ஒரு இடம் இருக்கு. அதை நீர் அடைச்சுப்போட்டீர்.”

“மெஷினுக்கு மூச்சுத் தேவையில்லை, மாஸ்டர்.”

“கேக்கிற ஆளுக்குத் தேவை. அதைத் திறந்துபோட்டுக் கொண்டுவாரும். சைன் வைக்கிறன்.”

அரை விநாடி இடைவெளி. திறக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் திறந்து கேட்டபோது அது மறுபடியும் அவருடைய இசையாகிவிட்டது. அதனால் மூடிவிட்டேன்.

“கம்போசர் உயிரோட இருக்கிறாரா?” என்று மிதுனா கேட்டார். இல்லை என்றேன். “பிள்ளைகள்?” அதற்கும் இல்லை என்றேன். கையெழுத்துக் கேட்க ஆளில்லாமல் போனது. அந்த இடத்தில் உங்களையும் சேர்த்து இல்லாமலாக்க வேண்டி வந்தது, மன்னிக்கவும். அவர் பெயரை மரியாதையாக, பெரிய எழுத்தில் போடச் சொன்னது நான்தான்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு டீவிக்காரருக்குப் போன் அடித்திருக்கிறார். “நான் ஒஸ்வால்ட் கதைக்கிறன் பிள்ளை. நான் இன்னும் சாகேல்ல.” மிதுனா பயந்துபோய் என்னிடம் கேட்டார். அது மாஸ்டரின் தம்பி, அண்ணன் போனபிறகு தன்னையே அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். “ஐயோ பாவம்” என்றார். இளகிய மனம்.

அதன் பிறகுதான் உங்களுக்கு அடித்தேன். அப்பா கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோகிறார் என்றேன். அவர் அடுப்பை ஒருநாளும் மறந்ததில்லை. நீங்கள் அவரோடு பேசியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை உங்களுக்கு நினைவிருக்கும்: “மகள், டீவியில என்னைச் சாகடிச்சுப்போட்டாங்கள்.” நீங்கள் அழுதுகொண்டு எனக்கு அடித்தீர்கள். “தேனுஜன், நீங்க சொன்னது சரி, அப்பாவுக்கு ஏலாது” என்றீர்கள். வெகுநேரம் உங்களைத் தேற்றினேன்.

இரத்மலானையில் முதியோர் இல்லம் பார்த்தது நான். உங்கள் சார்பில் பாதுகாவலராகக் கையெழுத்திட்டதும் நான். சுத்தமான இடம். ஆனால் கூடத்தில் டீவி இருந்தது. தினமும் ஆறரைக்கு அந்த இசை தொடங்கும். அப்பா எழுந்து நின்று, “இது என்ர” என்பார். பராமரிப்பாளர் சீனியம்மா, “ஆமாங்க ஐயா, உங்க பாட்டுதான்” என்று சொல்லி உட்கார வைப்பார். விமான நிலையம் தன்னுடையது என்று சொல்லும் ஒரு அம்மாவுக்கும் சீனியம்மா அதே குரலில்தான் பதில் சொல்வார்.

அத்தோடு நின்றிருந்தால் நல்லது. அப்பா பார்க்க வருகிறவர்களைப் பிடித்துவைத்து, மூச்சு எடுக்கும் இடத்தைப் பாடிக்காட்டத் தொடங்கினார். ஒருவர் அதைப் போனில் பதிவு செய்ததை நான் கண்டேன். பிழையில்லாமல் பாடினார், அக்கா. எண்பத்தொரு வயதில் ஒரு சுருதி விலகவில்லை.

நாடகம் தொடங்கும் நேரத்தில் அவருக்குப் பதற்றம் கூடுகிறது, ஆறு மணிக்கு ஒரு நித்திரைக் குளிசை கொடுத்தால் நல்லது என்று இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றனிடம் சொன்னேன். வருகிற டொக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் குளிசையை என் அம்மாவும் எடுத்தவர். அது போட்டால் கால் தள்ளாடும், ஆளைத் தனியே எழும்ப விடக்கூடாது. அதை நான் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

குளிசை போட்டும் அப்பா ஆறரைக்கு எழும்பப் பார்த்திருக்கிறார். மூன்றாவது கிழமை கூடத்துப் படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு, பிறகு நெஞ்சுச் சளி. மிச்சம் நீங்கள் வந்து கண்டதுதான். யார் செய்தது என்று கேட்டால், நான்தான். ஆனால் இரண்டு மாதம் இரவுபகலாகச் செய்த வேலையை ஒருவர் அரை விநாடிக்காக வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

தேவாலயத்தில் அடக்கப் பூசை முடிவில் அப்பாவின் இசையைப் போடவேண்டும் என்று கேட்டது நீங்கள். பழைய பதிவு இருக்கிறதா என்றும் கேட்டீர்கள். அழிந்துவிட்டது என்றேன். அழித்தேன் என்பதே சரியான சொல். அதனால் என்னுடையதைப் போட்டோம்.

சவப்பெட்டியைத் தூக்கியதும் அதே நேரத்தில்தான். என்றாலும் அன்று கோயில் முழுவதும் எழுந்து நின்றது அந்த இசைக்குத்தான், அக்கா. அது எனக்கு நன்றாகத் தெரியும்.